அடங்குதலும் இணங்குதலும்

ஒருவன் மற்றொருவன் சொற்படி நடக்கிறான் என்றால், அது அச்சத்தால் நேர்ந்ததா, அறிந்து ஏற்றதால் நேர்ந்ததா என்பதைப் புறத்தே நின்று நோக்குவோர் எங்ஙனம் அறிவது? கேள்வி பழையது. அரசாட்சியைப் பற்றி எழுதியோரும், குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதியோரும் இதனைத் தொடாமல் சென்றதில்லை. ஆயினும் அவர்கள் எடுத்துக்கொண்ட சான்றுகள் யாவும் மனிதரைப் பற்றியவை. மனிதனோ பேசுகிறவன். அஞ்சி நடந்தவனும், விரும்பியே நடந்ததாகச் சொல்லிவிடுவான். விரும்பி நடந்தவனும் பின்னர் வேறு காரணம் கற்பித்துக்கொள்வான். சொல் இடையே புகுந்து வழக்கைக் குழப்பிவிடுகிறது. எனவே பேச்சில்லாத ஓர் உயிரிடத்தில் இந்தக் கேள்வியை வைத்துப் பார்ப்பது நலம் என்று கருதுகிறோம். ஐரோப்பாவில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துவந்துள்ள ஒரு குதிரைப் பயிற்சிக் கலை அதற்கு இடம் தருகிறது.

டிரெஸாஜ் என்பது அதன் பெயர். பழக்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இன்று ஒலிம்பிக் பந்தயங்களில் இடம்பெறும் விளையாட்டும்கூட. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள மணற்களம். ஓரங்களில் இடங்களைக் குறிக்கும் எழுத்துகள். சுற்றிலும் அமர்ந்து ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடும் நடுவர்கள். ஓட்டப்பந்தயம் இல்லை, தடை தாண்டுதல் இல்லை. குதிரை தாளம் பிசகாமல் நடக்கும், ஓடும், பக்கவாட்டில் செல்லும், நின்ற இடத்தைச் சுற்றித் திரும்பும். மேலே அமர்ந்திருப்பவரோ ஒன்றுமே செய்யாதவர் போலத் தோன்றுவார். குதிரையேறி அறியாதோர் இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கொட்டாவி விடக்கூடும். நாமும் சேணத்தில் அமர்ந்து வாழ்க்கை நடத்துகிறவர்கள் அல்லோம். எனினும் மேற்சொன்ன கேள்வியை மனத்திற்கொண்டு இதனைப் பார்க்கத் தொடங்கினால் கண்ணை எடுக்க இயலாது. குறிப்பாக, அந்தப் பக்கநடைகளும் திருப்பங்களும்.

குதிரை ஏன் பக்கவாட்டில் நடக்கவேண்டும்? புல்வெளியில் தன்போக்கில் மேயும் குதிரை தேவைப்பட்டால் ஓரடி ஈரடி விலகும். நீள நெடுகப் பக்கமாகச் செல்வதில்லை. ஆகவே இது வெறும் வேடிக்கை என்று நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. நிற்கும் குதிரையின் உடற்பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு முன்னங்கால்களின்மேல் இருக்கிறது. அதன் கழுத்தும் தலையும் முன்னே நீண்டிருப்பதே காரணம். இதன்மேல் ஒரு மனிதனும் ஏறி அமர்ந்தால் முன்னங்கால்களின் சுமை பின்னும் பெருகும். மேலும், மனிதரில் வலக்கையர், இடக்கையர் என்று இருப்பதுபோல் ஒவ்வொரு குதிரையும் ஒரு பக்கம் எளிதில் வளையும், மறுபக்கம் விறைத்துக்கொள்ளும். இந்தக் கோணலோடும் முன்பாரத்தோடும் பல ஆண்டுகள் மனிதனைச் சுமந்தால் முன்னங்கால்கள் நைந்துபோகும். பின்னங்கால்களை உடலின் அடியில் கொணர்ந்து சுமையைப் பகிரச் செய்வதும், இருபக்கமும் ஒருபடியாக வளையப் பழக்குவதும் குதிரையின் நலனுக்கே தேவை. பக்கநடை அதற்கு வாய்த்த உடற்பயிற்சி.

அவற்றுள் தலையாய ஒன்றைச் சற்று விரித்துரைப்போம். குதிரை சுவரோரமாகச் செல்கிறது என்று கொள்க. சவாரியாளர் அதன் முன்னுடலைச் சுவரிலிருந்து ஏறத்தாழ 30 பாகை உள்ளே கொணர்கிறார். பின்னங்கால்கள் பழைய தடத்திலேயே செல்லும். உடல் முழுவதும் அவரது உட்புறக் காலைத் தழுவினாற்போல் மெல்ல வளைந்திருக்கும். உட்புற முன்னங்கால் வெளிப்புற முன்னங்காலைக் குறுக்கே கடந்து செல்லும். உட்புறப் பின்னங்காலோ உடலின் கீழே வந்து ஊன்றும். அவ்வாறு ஊன்றும் கால் கூடுதற் சுமையைத் தாங்குகிறது, தாங்கும்போது மூட்டுகள் மடங்கி வலுப்பெறுகின்றன, தோள்கள் இலேசாகின்றன. தோளை உள்வாங்கும் நடை என்று இதனைச் சொல்லலாம்.

இந்த நடைக்கு ஒரு வரலாறு உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் தோற்ற கட்சியைச் சேர்ந்த நியூகாசில் பிரபு நாடு துறந்து ஆண்ட்வெர்ப் நகரில் தங்கினார். ஓவியர் ரூபன்ஸ் வாழ்ந்த வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, உடைமைகளை இழந்த நிலையிலும் குதிரைகளைப் பழக்குவதை விடாமல், 1658இல் அதைப் பற்றி ஒரு பெருநூலும் வெளியிட்டார். தலையை உட்புறம் வைத்துக் குதிரையை வட்டத்தில் பக்கமாக நடத்துவது அவர் கண்ட வழி. அடுத்த நூற்றாண்டில் பாரிசில் சவாரிப் பள்ளி நடத்திய கெரினியேர் அந்த வட்டத்தை ஆராய்ந்தார். வட்டத்தில் செல்லும்போது சுமை மீண்டும் தோள்களுக்கே போய்விடுகிறது என்று கண்டு, அதே வளைவை நேர்கோட்டில், சுவரோரமாகக் கொணர்ந்தார். 1733இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்த நடைக்கு உயர்ந்த இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதன் வழியில் நிற்பதாகவே வியன்னாவின் ஸ்பானியச் சவாரிப் பள்ளி இன்றும் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. முன்னோர் சொன்னதை மதித்து, மதித்ததனாலேயே திருத்தினாரே, அது நமக்குப் பிடித்திருக்கிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். நடுத்தரக் குதிரை ஒன்றின் எடை 500 முதல் 600 கிலோ வரை இருக்கும். மேலே அமர்ந்திருப்பவர் 70 கிலோ. அவர் தம் கால்களால் அதனைப் பக்கவாட்டில் தள்ளிவிட முடியுமா? முடியாது. தலையை வேண்டுமானால் கடிவாளத்தால் ஒருபுறம் இழுத்துவிடலாம். அப்போது என்ன நேர்கிறது என்பதைப் பயிற்றுநர்கள் நன்கறிவார்கள்: கழுத்து மட்டும் வளையும், குதிரை வளையாது, தோள் வெளியே சரியும், பின்னங்கால் தன்பாட்டுக்குப் பழைய தடத்தில் நேராகவே போகும். தொலைவிலிருந்து பார்ப்போருக்கு நடை நடந்தது போலவே இருக்கும். பயன் மட்டும் இராது. ஆக, குதிரை தானே தன் காலை எடுத்துக் குறுக்கே வைத்தாலொழிய இந்த நடை இல்லை. வைக்கும்படி கேட்கத்தான் முடியும்.

அது எவ்வாறு கேட்கப்படுகிறது? சவாரியாளர் தம் காலை விலாவில் சற்று அழுத்துகிறார். இளங்குதிரைக்கு முதலில் ஒன்றும் விளங்காது. முன்னே போகும், நிற்கும், எதிர்த்து அழுத்தவும் செய்யும். தற்செயலாக ஒருமுறை அழுத்தத்திலிருந்து விலகி ஓரடி பக்கமாக வைக்கிறது. அந்தக் கணமே கால் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். விட்டால், குதிரை புரிந்துகொள்கிறது. அது பாடம் கற்பது, அழுத்தம் நீங்கிய கணத்தில்! அரை நொடி தாமதித்து விட்டாலும் பாடம் மாறிப்போகும். எதற்காக விடப்பட்டோம் என்பது குதிரைக்குத் தெரியாமற்போகும். விடாமலே அழுத்திக்கொண்டிருந்தாலோ, தான் எது செய்தாலும் ஒன்றே என்பதை அது கற்றுக்கொள்ளும். அதன்பின் இரண்டிலொன்று நிகழும். சில குதிரைகள் வெருண்டு துள்ளும். பல குதிரைகள் உள்ளே மரத்துப்போய்விடும்: விலா உணர்வற்றதாகும், வாய் இரும்பாகும். அவற்றைத்தான் உலகம் சோம்பேறிக் குதிரை என்றும் முரட்டுக் குதிரை என்றும் பெயரிட்டு அழைக்கிறது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று நோக்கவேண்டும். அதிகாரத்தின் தன்மையை அறிய நாம் பெரும்பாலும் கட்டளையைத்தான் ஆராய்கிறோம். கடுஞ்சொல்லா, இன்சொல்லா? கோலா, கண்ணசைவா? குதிரையோ வேறோர் உரைகல்லைக் காட்டுகிறது. கட்டளை எப்படித் தொடங்கிற்று என்பதைக் காட்டிலும், சொன்னது நடந்த பின்னர் கட்டளை நின்றதா என்பதே அதற்குப் பெரிது. மெல்லிய அழுத்தமாயினும் ஓயாத அழுத்தம் கொடுமைதான். கெரினியேர் தம் நூலில் இதற்கென்றே ஒரு செயலை வகுத்துரைத்தார். குதிரை பணிந்து தன்னைத்தானே தாங்கிச் செல்லத் தொடங்கியதும் சவாரியாளர் தம் கையைத் தாழ்த்திக் கடிவாளத்தைத் தளரவிட வேண்டும். பிற்காலத்துப் பிரெஞ்சுப் பள்ளியினர் கையோடு காலையும் சேர்த்து, ஏவல்கள் யாவும் ஓய்ந்த அந்த நிலையையே கலையின் உச்சம் என்று போற்றினர்.

குதிரைக்கு இவ்வளவு நுண்ணுணர்வு உண்டா என்று ஐயுறுவோர் அதன் தோலில் ஓர் ஈ அமர்வதைப் பார்த்தாற் போதும். அமர்ந்த இடம் மட்டும் துடிக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுவதாகப் பெயர் பெற்றிருந்தது. கேட்ட கணக்குக்குச் சரியான எண்ணிக்கையில் குளம்பைத் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்னும் ஆராய்ச்சியாளர் 1907இல் அதன் மருமத்தை விளக்கினார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரிவதில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவர் தம்மையறியாமல் தலையையும் உடலையும் மயிரிழை அசைத்துவிடுகிறார். குதிரை அதைக் கண்டு நிறுத்திக்கொள்கிறது. ஹான்ஸின் பெருமை அத்துடன் ஒழிந்தது என்று எழுதினார்கள். நமக்கென்னவோ, கணக்குப் போட்டிருந்தால் வரக்கூடிய பெருமையைவிட இது பெரிதாகத் தோன்றுகிறது. மனிதன் தன் உடலால் என்ன சொல்கிறான் என்பதை அவனைவிட நன்றாகக் குதிரை அறிந்திருந்தது. வாயால் அன்பு பேசிக் கையால் வேறு பேசும் நம் வழக்கம் இந்தப் பிராணியிடம் செல்லாது.

செல்லாது என்று தெரிந்தும், வன்முறையால் பழக்க முனைந்தோர் வரலாற்றில் குறைவல்லர். 1550இல் நேப்பிள்ஸ் நகரத்துக் கிரிசோனே வெளியிட்ட நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. அடங்காத குதிரையின் வாலடியில் முள்ளெலியைக் கட்டுவது, பின்புறம் வைக்கோல் தீயைக் காட்டுவது முதலான உபாயங்கள் அதில் வருகின்றன. அதே கிரிசோனே, குதிரை பணிந்ததும் தடவிக்கொடுக்கவேண்டும் என்றும் சொல்கிறார். தண்டனையையும் தடவலையும் ஒரே கையால் செய்யும் இம்முறை நம் நாட்டிலும் அறியப்படாததன்று. அதற்குப் பின் இத்தாலியில் கற்றுப் பிரான்சுக்குத் திரும்பிய புளூவினெல், பதின்மூன்றாம் லூயி மன்னருக்குச் சவாரி கற்பித்தவர், மென்மையின் பக்கம் நின்றார். ஒவ்வொரு குதிரையின் இயல்பையும் அறிந்து, அடியைக் கடைசி மருந்தாக வைத்து, பொறுமையால் பழக்குவதே முறை என்பது அவர் கொள்கை. அவர் மறைந்தபின் 1623இல் அவருடைய நூல் வெளிவந்தது. ஆனால் அந்தக் கொள்கைக்கு அவர் முதல்வர் அல்லர். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய சிறுநூலில், வற்புறுத்தலால் குதிரை செய்வது அறியாமற் செய்வதே என்றும், அதில் அழகில்லை என்றும் சொல்லிவிட்டார். நற்கருத்து பழையதாயிருந்தும் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து மீண்டும் புதிதாகக் கண்டெடுக்கப்பட வேண்டியதாயிற்று. அறிவு அழிந்துபோகிறதில்லை, அவசரம் அதனை மறக்கச் செய்கிறது.

ஆனால் செனபோன் கூற்றை அப்படியே ஏற்க நமக்கு ஒரு தடையுண்டு. வற்புறுத்தலில் அழகு இல்லை என்பது உண்மையானால் பார்ப்போர் கண்ணுக்கு அது உடனே புலப்பட வேண்டும் அல்லவா? புலப்படுவதில்லையே! 2009இல் டென்மார்க்கில் நடந்த ஒரு போட்டியின் பயிற்சிக் களத்தில், கழுத்து நெஞ்சோடு சேரும்படி இழுத்து மடக்கப்பட்ட ஒரு குதிரையின் நாக்கு நீலம் பாரித்துத் தொங்கியதை ஒருவர் படம்பிடித்து வெளியிட்டார். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2010 பிப்ரவரியில் உலகக் குதிரையேற்றச் சம்மேளனம், வன்மையால் கழுத்தை மடக்குவது ஏற்கத்தக்கதன்று என்று அறிவித்தது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்குவதற்குச் சில நாட்களே இருக்கையில், பல ஒலிம்பிக் பதக்கங்கள் வென்ற ஒரு பிரிட்டிஷ் சவாரியாளர், பயிற்சியின்போது குதிரையின் காலில் நீண்ட சாட்டையால் மீண்டும் மீண்டும் அடித்த பழைய படம் வெளியானதால் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். பின்னர் ஓராண்டுத் தடையும் பெற்றார். இதற்கு முன்னர் அவருடைய சவாரியின் மென்மையை உலகமே வியந்திருந்தது. பெயரைச் சொல்லித் தூற்றுவது நம் நோக்கமன்று. நம்மை உறுத்துவது வேறொன்று. மயிரிழை அசைவுக்குக் கட்டுப்படும் குதிரை, புரிந்துகொண்டு கட்டுப்படுகிறதா, அல்லது அந்த மயிரிழைக்குப் பின்னால் வந்த சாட்டையை நினைவில் வைத்துக் கட்டுப்படுகிறதா? மென்மையான ஏவல், மறைந்திருக்கும் கொடுமையின் நிழலாகவும் இருக்கலாம் அல்லவா?

இது குதிரை லாயத்தோடு நிற்கும் கேள்வியும் அன்று. வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அடங்கிவிடும் வீடுகளை நாம் அறிவோம். அந்த வாப்பா கைநீட்டியே பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். உரக்கப் பேசுவதுகூட இல்லை. எவ்வளவு ஒழுக்கமான பிள்ளைகள் என்று வந்தவர்கள் மெச்சிச் செல்கிறார்கள். அந்த மெளனம் மதிப்பினாலா, பிரம்பின் நினைவினாலா? வந்தவர்களுக்குத் தெரியாது. ஒருவேளை வாப்பாவுக்கே தெரியாமலிருக்கலாம். உம்மாவுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியும்.

குதிரைப் பயிற்றுநர்களுக்கு இதனைப் பிரித்தறியச் சில வழிகள் உண்டு. அவற்றைக் கேட்டறிந்தபோது நாம் வியப்புற்றோம். ஏனெனில் அவை அறநூலுள் காணத்தக்கவை.

காலழுத்தத்துக்கு விலகிச் செல்லும் நடையே இளங்குதிரைக்கு முதலில் கற்பிக்கப்படுவது. அதில் குதிரையின் முகம், தான் செல்லும் திசைக்கு எதிர்ப்புறம் சற்றுத் திரும்பியிருக்கும். எந்தக் கால் தன்னை அழுத்துகிறதோ அந்தப் பக்கம் பார்த்தபடியே அதனின்று விலகும். ஆண்டுகள் பல கழித்துக் கற்பிக்கப்படுவது சாய்நடை. அதிலும் குதிரை முன்னும் பக்கமுமாகக் கால்களைக் குறுக்கே வைத்துத்தான் செல்கிறது. வேறுபாடு, இங்கே அதன் முகமும் உடலும் செல்லும் திசையை நோக்கியே வளைந்திருக்கும் என்பதுதான். சொல்வதற்கு எளிது. வளைந்த பக்கத்தை நோக்கியே பக்கமாகச் செல்வது குதிரையின் உடலுக்குப் பெரும் வேலை. தன் சமநிலையைத் தானே அறிந்த குதிரையால்தான் முடியும். முன்னதில் அது ஒன்றிலிருந்து விலகுகிறது. பின்னதில் ஒன்றை நோக்கிச் செல்கிறது. கால்கள் குறுக்கிடுவது இரண்டிலும் ஒன்றே. தீமையை அஞ்சி விலகுவோரையும் நன்மையை நாடிச் செல்வோரையும் இவ்வாறு அடிச்சுவட்டைக் கொண்டு மட்டும் பிரித்துவிட இயலாது. முகம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அதற்காக முதற்பாடத்தைத் தாழ்வென்று தள்ளுவதும் சரியன்று. விலகக் கற்றபின்னரே நாடக் கற்கிறது குதிரை. அந்த முதற்பாடத்திலேயே வாழ்நாளெல்லாம் நிறுத்திவைப்பதுதான் குற்றம்.

திருப்பத்திலும் ஓர் அளவுகோல் இருக்கிறது. கேன்டர் எனப்படும் பாய்நடையில் குதிரை தன் பின்னங்கால்களை மையமாக வைத்து, தன் நீளத்தையே ஆரமாகக் கொண்டு, முழுச் சுற்று ஒன்று திரும்பவேண்டும். ஆறு முதல் எட்டுப் பாய்ச்சல்கள். தாளம் கெடக்கூடாது. அச்சத்தால் திரும்பும் குதிரை இரண்டு மூன்று பாய்ச்சலில் சுழன்று முடித்துவிடும். காண்போர், ஆகா எவ்வளவு விரைவு என்பார்கள். பயிற்றுநர் அதை ஏற்கமாட்டார். திருப்பத்தின் எந்த அடியிலும் அதை நிறுத்தி நேராக வெளியேற முடியுமா என்று கேட்பார். முடிந்தால் அது பாடம். முடியாவிட்டால், சவாரியாளர் ஏவியது ஏதோ ஒன்று, குதிரையின் உள்ளிருந்து அவிழ்ந்தது வேறொன்று.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நிகழ்ந்ததை இங்கே சொல்லாமல் போகக்கூடாது. பெண்களும் இப்போட்டியில் ஆடவரோடு கலந்துகொள்ளலாம் என்று அந்த ஆண்டுதான் முதன்முதலாக அனுமதித்தார்கள். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் வந்தார். 1944இல், கருவுற்றிருந்த நேரத்தில், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியிருந்தது. எவ்வளவோ முயன்று நடமாடத் தொடங்கிய பிறகும் முழங்காலுக்குக் கீழே செயலற்றே இருந்தது. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டும். பக்கநடையின் மொழியே சவாரியாளரின் கால் என்று மேலே சொன்னோம். அந்தக் கால்தான் அவரிடம் இல்லை. ஜூபிலி என்னும் பெட்டைக்குதிரை அவருடைய இடுப்பின் சாய்வையும் முதுகின் அசைவையும் கொண்டே யாவற்றையும் அறிந்துகொண்டது. வெள்ளிப் பதக்கம் பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு வெள்ளி. அழுத்த வலுவில்லாத ஒருவருக்கு ஒரு குதிரை இணங்கியது என்பது செனபோனுக்கு நாம் எழுப்பிய தடைக்கு முழு விடையாகாதுதான். ஆயினும் இணக்கம் என்பது வெறும் கற்பனை என்று கூறுவோர் முதலில் ஜூபிலியைக் கடந்துசெல்ல வேண்டும்.

இதனினும் கடினமான எதிர்வாதம் ஒன்று உண்டு. குதிரை எப்போது உங்களை ஏறிக்கொள்ளச் சொன்னது? சேணத்தையும் கடிவாளத்தையும் அது கேட்டதா? கேளாத ஒன்றை அதன்மேல் ஏற்றிவிட்டு, பிறகு மென்மை, புரிதல், இணக்கம் என்றெல்லாம் பேசுவது, அடிமைக்கு நல்ல உணவு இட்டவன் தன்னை வள்ளல் என்று சொல்லிக்கொள்வது போல் ஆகாதா? இந்தக் குரல் ஐரோப்பாவில் நாளுக்கு நாள் வலுத்துவருகிறது. சம்மேளனமே 2022இல் குதிரைகளின் நலனையும் அறத்தையும் ஆராய ஒரு தனிக் குழுவை அமைக்கும் நிலை வந்தது. எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. குதிரை ஒப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை. அதன் இணக்கத்தை மனிதனின் சம்மதத்தோடு ஒன்றாக வைத்துப் பேசுவோர் தம்மை ஏமாற்றிக்கொள்கிறார்கள். இச்சையோடு ஆடுகிறது பாருங்கள் என்று பரவசப்படும் பழைய சவாரி நூல்களின் பேச்சும் நமக்கு அத்துணை உவப்பானதன்று. ஆனால் சம்மதம் இல்லாத இடத்தில் எல்லாம் ஒன்றே என்று முடிப்பதும் தவறு. சம்மதம் கேட்க இயலாத உறவுகள் உலகில் ஏராளம். தொட்டிலில் கிடக்கும் குழந்தை நம்மைத் தாயாக, தந்தையாகத் தேர்ந்துகொள்ளவில்லை. எதிர்ப்பக்கம் கையொப்பம் இல்லாத உறவில், பொறுப்பு முழுவதும் ஏவுகிறவர் தலையில் வந்து விழுகிறது என்பதே நாம் காணும் நியாயம். அமானிதம் என்னும் சொல்லுக்கு நம் வீடுகளில் உள்ள பொருள் இதுதான் அல்லவா? கொடுத்தவர் எதிரே நிற்காதபோது அதன் பாரம் கூடுகிறது, குறைவதில்லை.

9ஆம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சியில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு அகீ ஹிஸாம் என்பவர் குதிரையைப் பற்றி எழுதிய அரபு நூல் பிற்காலத்தில் மம்லூக்குகளின் எகிப்து வரையில் பெரிதும் போற்றப்பட்டது. அதிலிருந்து பாரிசின் கெரினியேருக்கு ஒரு வம்சாவளி வரைந்து பெருமை பேச நாம் முற்படவில்லை. அப்படிப்பட்ட பெருமைகள் எழுதப்பட்டது போதும். அந்நூலின் அமைப்பு ஒன்றே நாம் சுட்ட விரும்புவது. சவாரியும் வைத்தியமும் அதில் ஒருங்கே பேசப்படுகின்றன. ஏறுவது எப்படி என்று சொல்லும் கையே, நோய் கண்டால் ஆற்றுவது எப்படி என்றும் எழுதுகிறது. ஏறும் உரிமை ஒருவருக்கு, புண்ணைப் பார்க்கும் வேலை வேறொருவருக்கு என்று பிரித்துக்கொண்ட பின்னர்தான் நீல நாக்கைக் காணாமல் கடிவாளம் பிடிக்க மனிதனால் முடிந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

வியன்னாப் பள்ளியில் இன்னொரு வழக்கம். அதன் வெள்ளைக் குதிரைகள் முழுப் பயிற்சி பெற ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அப்பள்ளியின் கல்வி பெரும்பாலும் ஏட்டில் இல்லை; வாய்மொழியாகவே இறங்கி வருகிறது. புதிதாகச் சேரும் இளைஞனுக்கு இளங்குதிரையைக் கொடுப்பதில்லை. எல்லாம் கற்று முதிர்ந்த குதிரையின்மேல் அவனை அமர்த்துகிறார்கள். அவன் தவறாகக் கேட்டால் கிழக்குதிரை அந்த அடியை வைப்பதில்லை. சரியாகக் கேட்டால் வைக்கிறது. யார் உஸ்தாது, யார் மாணவன் என்பது அந்தக் கூடத்தில் தெளிவாக இருக்கிறது. 1939 முதல் 1964 வரை அதன் தலைவராக இருந்த பொதாய்ஸ்கி, தம் வாழ்க்கையை எழுதியபோது தம் குதிரைகளைத் தம் ஆசிரியர்கள் என்று பெயரிட்டே நூலை வெளியிட்டார். தலைமை வகிப்போர் தமக்குக் கீழுள்ளோரைப் பற்றி இப்படி ஒரு தலைப்பு வைப்பது அரிது.

டிரெஸாஜ் போட்டியின் பாடங்களில் பார்வையாளர் பெரிதும் கவனியாத ஒரு பகுதி இருக்கிறது. கடினமான நடைகளுக்கும் திருப்பங்களுக்கும் இடையே சவாரியாளர் கடிவாள வாரை நெகிழவிட்டுக் குதிரையை நீண்ட நடையில் செல்ல விடவேண்டும். கைதட்டலுக்கு அதில் ஒன்றுமில்லை. நடுவர்களோ பேனாவை எடுத்துக்கொண்டு அப்போதுதான் கூர்ந்து பார்க்கிறார்கள். வார் நெகிழ்ந்ததும் சில குதிரைகள் கழுத்தை மெல்ல மண்ணை நோக்கி நீட்டி, முதுகு தளர்ந்து, மூக்கால் நெடுமூச்சு விட்டுக்கொண்டு அதே தாளத்தில் நடக்கின்றன. சில குதிரைகள் தலையைத் தூக்கிக்கொண்டு, முதுகை இறுக்கி, காதுகளைப் பின்னால் மடித்து, விட்ட வார் எப்போது மீண்டும் இழுக்கப்படும் என்று பார்த்தபடியே குறுகிய அடிகளாக வைத்துப் போகின்றன.